பூசான் திரைவிழா: கொரியப் படம், ஜப்பானியப் படம், நடுவில் ஒரு கடல்

#1 பின்வரிசை

கான், வெனிஸ், பெர்லின் விருதுப் பட்டியலைப் போட்டு வாதாடும் இழைகள் இங்கே ஏழெட்டு இருக்கும். பூசானுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் இது.

பூசான் சர்வதேசத் திரைவிழா 1996 செப்டம்பரில் தொடங்கியது. தென்கொரியாவின் துறைமுக ஊர். நம்போ-டோங் என்ற பழைய கடைத்தெருவின் தியேட்டர்களில் 31 நாடுகளின் 173 படங்களை முதல் வருடமே போட்டுவிட்டார்கள். இதெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

அந்த வருடம் கொரியாவில் ஜப்பானியப் படத்தைத் தியேட்டரில் வெளியிட முடியாது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்த நாடு. சுதந்திரத்துக்குப் பிறகு ஜப்பானியப் படம், பாட்டு, காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிட்டது. திரைவிழாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் பூசான் முக்கியமாகிறது. பெயர் கேள்விப்பட்ட ஜப்பானிய இயக்குநரின் படத்தை ஒரு கொரிய மாணவர் காசு கொடுத்து, பெரிய திரையில், ஒளியாமல் மறையாமல் பார்க்க அங்கே ஒரு வழி கிடைத்தது.

1998 அக்டோபரில்தான் கிம் டே-ஜுங் அரசு தடையைத் தளர்த்தத் தொடங்கியது. அதுவும் படிப்படியாக. முதல் கட்டத்தில் கான், வெனிஸ், பெர்லின், ஆஸ்கர் விருது வாங்கிய படங்களும் கூட்டுத் தயாரிப்புகளும் மட்டும். அந்த டிசம்பரில் கித்தானோ தகேஷியின் 'ஹானா-பி' வந்தது, அடுத்து குரோசாவா அகிராவின் 'ககேமுஷா'. தியேட்டர் வெளியீட்டுக்கு முழுச் சுதந்திரம் கிடைக்க 2004 ஆகிவிட்டது.

என் கட்சி இதுதான்: பூசானில் ‘சிறந்த கொரியப் படம் எது, சிறந்த ஜப்பானியப் படம் எது’ என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதைவிட, இரண்டுக்கும் நடுவில் முளைத்த படங்களைப் பார்ப்பதில்தான் ருசி. ஜப்பானிய இயக்குநர் கோரே-எடா கொரியாவில் எடுத்த ‘புரோக்கர்’, ஹமகுச்சியின் ‘டிரைவ் மை கார்’, 2025-இல் அங்கே போட்ட ‘கொகுஹோ’. யார் ஒத்துக்கொள்கிறீர்கள், யார் சண்டைக்கு வருகிறீர்கள்?

#2 அரைத்தூக்கம்

‘டிரைவ் மை கார்’ படத்தில் தலைப்பு வருவதற்கே நாற்பது நிமிடம் ஆகிறது சார். அதற்குள் நான் தூங்கிவிட்டேன். சண்டைக்கு வரத் தெம்பில்லை.

#3 உல்சான்காரன்

பின்வரிசை அண்ணா, நான் பக்கத்து ஊரில்தான் இருக்கிறேன். உல்சானிலிருந்து தொங்ஹே ரயில் ஏறினால் பெக்ஸ்கோவில் இறங்கி நடந்தே விழா அரங்குக்குப் போய்விடலாம். நான்கு வருடமாகப் போகிறேன், அதனால் கள நிலவரம் கொஞ்சம்.

நீங்கள் சொல்லும் நம்போ-டோங் இப்போது பெரும்பாலும் ஞாபகச் சின்னம்தான். தரையில் இயக்குநர்களின் கைத்தடம் பதித்திருக்கிறார்கள். அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பது ஹொத்தொக்குக்கு. மாவைத் தட்டி, வெல்லப்பாகு போன்ற பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்து, வயிற்றைக் கீறி சூரியகாந்தி, பூசணி விதைகளை அள்ளித் திணிப்பார்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல் சாப்பிட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

விழா இப்போது ஹெயுண்டே பக்கம், 2011-இல் திறந்த பூசான் சினிமா மையத்தில். கூரை ஒரே பக்கத் தாங்கலில் 85 மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், கின்னஸில் ஏறிய கூரை. அடியில் ஆயிரக்கணக்கில் நாற்காலி போட்ட திறந்தவெளித் திரை. கடற்கரையில்தான் முன்பு மேடை, பந்தல் எல்லாம் போடுவார்களாம். 2016-இல் விழாவுக்கு முந்தைய நாள் சாபா புயல் வந்து பிய்த்துப் போட்டுவிட்டது.

டிக்கெட் கதை தனி. பெரிய ஜப்பானிய இயக்குநர் வருகிறார் என்றால் இணையத்தில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காலி. ஒரு முறை மூன்று பேர் மூன்று போனில் உட்கார்ந்தோம், ஒன்றும் சிக்கவில்லை. மறுநாள் காலை இருட்டோடு போய் வரிசையில் நின்று வாங்கினேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். படம் முடிந்ததும் ‘ஜி.வி.’ என்று ஒன்று நடக்கும், இயக்குநரோடு கேள்வி-பதில். கொரியர்கள் அதற்காகவே அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பெண் கையெழுத்தில் இரண்டு பக்கத்துக்குக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள், ஜப்பானிய மொழியிலேயே. மொழிபெயர்ப்பாளரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

#4 கனகாம்பரம்

அந்தப் பெண்ணின் அம்மா தலைமுறைக்கு ‘லவ் லெட்டர்’. இதைச் சொல்லாமல் போக முடியாது பின்வரிசை.

இவாய் ஷுன்ஜியின் படம், 1995-இல் எடுத்தது. கொரியாவில் தியேட்டருக்கு வந்தது 1999 நவம்பரில். அதற்குள் பாதி மாணவர்கள் திருட்டு வீடியோ கேசட்டில் பார்த்திருந்தார்கள். ஆனாலும் தியேட்டரில் பத்து லட்சத்துக்கு மேல் கூட்டம். பனிமலையைப் பார்த்து நாயகி ‘ஒகெங்கி தெஸ்கா’ என்று கத்துவாள். ‘நலமா?’ என்பதுதான் அர்த்தம். அந்த ஒரு வரி கொரியாவில் எல்லோருக்கும் தெரியும், ஜப்பானிய மொழியில் வேறு ஒரு சொல்கூடத் தெரியாதவர்களுக்கும். படம் எடுத்த ஒதாரு என்ற ஜப்பானிய ஊருக்குக் கொரியர்கள் இன்றும் பயணம் போகிறார்கள்.

தடை போட்ட நாட்டில் ஒரு பெண் ‘நலமா?’ என்று ஜப்பானிய மொழியில் கேட்டது இவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.

#5 சப்டைட்டில்

சண்டைக்கு நான் வருகிறேன்.

பின்வரிசை, நீங்கள் திரைவிழாவுக்குப் பெருமையை அளவுக்கு மீறிக் கொடுக்கிறீர்கள். கொரியாவில் ஜப்பானியப் படத்துக்குக் கூட்டம் சேர்த்தது விழா இல்லை, அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன். 2023-இல் ஷின்காய் மகோதோவின் ‘சுசுமே’ படத்தைக் கொரியாவில் 50 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். ‘ஸ்லாம் டங்க்’ படத்துக்கு நாற்பது வயது ஆண்கள் அழுதுகொண்டே திரும்பத் திரும்பப் போனார்கள். இதில் யாரும் பூசானில் ‘ஜி.வி.’ கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. கேசட்டிலும் காமிக்ஸ் புத்தகத்திலும் வளர்ந்தவர்கள். தடை இருந்தபோதே ஜப்பானிய காமிக்ஸ் பாத்திரங்களுக்குக் கொரியப் பெயர் வைத்து விற்றார்கள். அரசு கதவைச் சாத்தியது, ஜன்னல் வழியாக எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று, ‘நடுவில் முளைத்த படம்’ என்கிறீர்களே, ‘புரோக்கர்’ அப்படி என்ன பெரிய படம்? கோரே-எடா ஜப்பானில் எடுத்த ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் பாட்டி செத்ததும் வீட்டுக்குள்ளேயே குழி தோண்டிப் புதைப்பார்கள், நமக்கு முதுகு சில்லிடும். ‘புரோக்கர்’ படத்தில் குழந்தையை விற்கப் போகிறவர்கள்கூட நல்லவர்கள், துரத்தும் போலீஸும் நல்லவர். சர்க்கரை கூடிப் போச்சு.

#6 தமிழன்டா

ஒரு விஷயம் யாரும் பேசவில்லை. கொரிய மொழியில் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா ‘ஒம்மா’. ஜப்பான்காரர் ஒருவரே தமிழும் ஜப்பானியமும் ஒன்று என்று புத்தகம் எழுதியிருக்கிறார். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருப்பது தமிழ்தான்.

#7 திண்ணை

தம்பி, ஓனோ சுசுமு எழுதினார், உண்மை. அவருக்கு முன்னால் 1905 வாக்கில் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டையும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. குழந்தை வாயில் முதலில் வருவதே ‘மா’வும் ‘பா’வும்தானே. அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே படம் பேசுவோம்.

பூசான் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கிழவர். கிம் கி-யங். 1960-இல் ‘ஹவுஸ்மெய்ட்’ எடுத்தவர். மாடி வீட்டில் ஒரு குடும்பம், வேலைக்கு வரும் பெண், நடுவில் அந்தப் படிக்கட்டு. அறுபது வருடம் கழித்து ‘பேரசைட்’ பார்த்தவர்களுக்கு அந்தப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது என்று புரியும். ‘பேரசைட்’ எடுத்த போங் ஜூன்-ஹோ அதை மறைக்கவே இல்லை, கிம் கி-யங்கைத் தன் ஆசான் என்றே சொல்வார்.

எண்பதுகளின் நடுவிலேயே கிம் கி-யங் படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஊரும் அவரை மறந்துவிட்டது. 1997-இல் இரண்டாவது பூசான் விழா அவர் படங்களை மொத்தமாகத் தேடி எடுத்துப் போட்டது. வெளிநாட்டு விமர்சகர்கள் ‘இப்படி ஓர் ஆளா?’ என்று வாயைப் பிளந்தார்கள். பெர்லின் விழா உடனே அழைத்தது. 1998 பிப்ரவரியில், பெர்லின் கிளம்ப வேண்டிய சமயத்தில், வீட்டில் தீப்பிடித்து அவரும் மனைவியும் இறந்துபோனார்கள்.

திரைவிழா எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புதுப் படத்தை எவனும் போடுவான். சொந்த ஊர் தூக்கிப் போட்ட பழைய படத்தை எடுத்துத் தூசி தட்டிப் போடுவதற்கு வேறு மனசு வேண்டும்.

#8 பின்வரிசை

திண்ணை ஐயா, படிக்கட்டை நான் விட்டுவிட்டேன். நன்றி.

சப்டைட்டில், அனிமே விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் சேர்த்தது அதுதான். நான் பேசுவது பார்க்கிறவர்களைப் பற்றி மட்டும் இல்லை, எடுக்கிறவர்களைப் பற்றியும். 1998-இல் பூசான் ஒரு சந்தையையும் தொடங்கியது. எழுதி முடித்த, இன்னும் எடுக்காத படங்களுக்குத் தயாரிப்பாளரைத் தேடித் தரும் சந்தை. ஒரு நாட்டு இயக்குநர் இன்னொரு நாட்டுக் காசைச் சந்திக்கும் இடம் அது.

‘புரோக்கர்’ சர்க்கரைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்த குழுவைப் பாருங்கள். இயக்குநர் ஒருவர்தான் ஜப்பானியர். கேமரா ஹோங் கியோங்-பியோ, ‘பர்னிங்’, ‘பேரசைட்’ இரண்டுக்கும் அவரே. அதில் நடித்த பே டூனா கோரே-எடாவோடு 2009-இல் ‘ஏர் டால்’ செய்தவர், அதற்கும் முன்னால் 2005-இல் ‘லிண்டா லிண்டா லிண்டா’வில் ஜப்பானியப் பள்ளிப் பெண்களின் இசைக்குழுவில் மாட்டிக்கொள்ளும் கொரிய மாணவியாக வந்தவர். சோங் காங்-ஹோவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது, 2022-இல். கொரிய நடிகர் ஒருவருக்கு அது முதல் முறை. வாங்கிக்கொடுத்தது ஒரு ஜப்பானியரின் படம். கதை தொடங்குவதே பூசானில், மழை பெய்யும் ஒரு ராத்திரியில்.

மறுபக்கமும் உண்டு. ‘பர்னிங்’ முரகாமி ஹருகியின் சிறுகதை, எடுத்தவர் லீ சாங்-டோங். முரகாமியின் ஆள் வைக்கோல் கொட்டகை கொளுத்துகிறான், லீயின் ஆள் பிளாஸ்டிக் பசுமைக் குடில் கொளுத்துகிறான். அந்த ஒரு மாற்றத்திலேயே கதை கொரியக் கிராமத்துக்கு வந்துவிடுகிறது.

#9 கனகாம்பரம்

நடிகைகளில் ஷிம் உன்-கியோங்கை விடக்கூடாது. ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு போய் ‘தி ஜர்னலிஸ்ட்’ படத்தில் நடித்து 2020-இல் ஜப்பான் அகாடமியின் சிறந்த நடிகை விருது வாங்கினார். கொரியர் ஒருவருக்கு முதல் முறை. மேடையில் அழுத அழுகையைப் பார்த்தால் அவரே எதிர்பார்க்கவில்லை என்று தெரியும். 2025-இல் மியாகே ஷோவின் படத்தில் எழுதத் திணறும் திரைக்கதை ஆசிரியராக வருகிறார். லொகார்னோ திரைவிழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கிய படம்.

#10 உல்சான்காரன்

அந்தப் படம் பூசானிலும் போட்டார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

#11 திண்ணை

இன்னும் பழசு ஒன்று சொல்கிறேன். 1996-இல், பூசான் தொடங்கிய அதே வருடம், ஒகுரி கோஹெய் ‘ஸ்லீப்பிங் மேன்’ என்று ஒரு ஜப்பானியப் படம் எடுத்தார். அதில் முக்கியப் பாத்திரம் கொரியாவின் ஆன் சுங்-கி. மலையில் விழுந்து நினைவு தப்பிப் படுத்தே கிடக்கும் ஆள். தடை இருந்த காலத்தில் கொரியாவின் மிகப் பெரிய நடிகர் ஜப்பானியப் படத்தில் கண்ணைத் திறக்காமல் நடித்துக் கொடுத்திருக்கிறார்.

#12 அரைத்தூக்கம்

ஐயா, எனக்காகவே எடுத்த படம் ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னீர்கள். பார்க்கிறேன்.

#13 சப்டைட்டில்

சரி, ‘எடுக்கிறவர்கள்’ என்ற வாதம் பரவாயில்லை. ஆனால் நிறைய ரோஜாப்பூ தூவுகிறீர்கள். அந்த விழாவையே அரசு ஒருமுறை கழுத்தை நெரித்ததே, அதை ஏன் யாரும் எழுதவில்லை?

2014 ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மீட்புப் பணி சொதப்பியதைப் பற்றி ‘டைவிங் பெல்’ என்ற ஆவணப்படம் வந்தது. பூசான் மேயர் அதைப் போடாதே என்றார். அவர்தான் விழாக் குழுவுக்கும் தலைவர்! விழாவினர் போட்டார்கள். அடுத்த வருடம் அரசு நிதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கணக்குத் தணிக்கை, வழக்கு, விழா இயக்குநர் வெளியேற்றம். 2016-இல் கொரியத் திரைச் சங்கங்களே விழாவைப் புறக்கணித்தன. ஆசியப் படங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்த கிம் ஜி-சொக் 2017 மே மாதம் கான் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். நம் நாட்டு இயக்குநர்கள் பலருக்கும் அவரைத் தெரியும். ‘படம் நன்றாக இருக்கிறது, அனுப்பு’ என்று சொல்லும் ஆள் போனால் ஒரு விழாவில் என்ன மிஞ்சும்?

#14 கனகாம்பரம்

நீங்கள் சொன்னது பின்வரிசையின் கட்சிக்கே பலம் சேர்க்கிறது, கவனித்தீர்களா?

2019 ஞாபகம் இருக்கிறதா? காலனிக் காலக் கட்டாய உழைப்பு வழக்கில் தொடங்கிய சண்டை. ஜூலையில் ஜப்பான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. கொரியாவில் ‘நோ ஜப்பான்’ இயக்கம். ஜப்பானிய பீர் கடை அலமாரியிலிருந்து காணாமல் போனது, சட்டைக் கடையில் ஈ ஓட்டினார்கள். அந்த அக்டோபரில் பூசான் ‘ஆண்டின் ஆசியத் திரைக்கலைஞர்’ விருதை யாருக்குக் கொடுத்தது? கோரே-எடாவுக்கு. செய்தியாளர் கூட்டத்தில் இரு நாட்டுச் சண்டை பற்றிக் கேள்வி வந்தது. அவர் நழுவவில்லை. பூசான் விழாவுக்கு அரசியல் நெருக்கடி வந்தபோது உலகத் திரைக்கலைஞர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததை நினைவுபடுத்தித்தான் பதில் சொன்னார். ரோஜாப்பூ என்று சொல்லலாம். அந்த வருடம் அந்த விருதைக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும் என்றும் சொல்லலாம்.

#15 சப்டைட்டில்

பீர் காணாமல் போன வருடம் விருது. சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். ‘புரோக்கர்’ இன்னும் சர்க்கரைதான்.

#16 பின்வரிசை

‘கொகுஹோ’ பற்றிப் பேசாமல் இழை முடிந்துவிடுமோ என்று பயம், அதனால் நீளமாக எழுதுகிறேன். 

கொகுஹோ என்றால் ‘தேசியச் செல்வம்’. கபுகி நாடகத்தில் பெண்வேடம் கட்டும் ஆண்களின் கதை. நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கபுகியில் அது பரம்பரைச் சொத்து. அப்பா பெயரைப் பிள்ளை பட்டமாக ஏற்பான். படத்தின் நாயகன் கிகுவோ நாகசாகியில் ஒரு யாகூசா (குற்றக் கும்பல்) தலைவனின் மகன். அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கபுகி நடிகர் அவனை எடுத்து வளர்க்கிறார், தன் சொந்த மகனோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார். தனக்கு அடிபட்டு மேடையேற முடியாத நாளில் தனக்குப் பதிலாக ஆட யாரைச் சொல்கிறார் தெரியுமா? மகனை இல்லை, கிகுவோவை. மேடையேறும் முன் கிகுவோ நடுங்குகிறான். உன் ரத்தம் எனக்கு வேண்டும் என்று அந்த மகனிடமே கெஞ்சுகிறான். அவன்தான் கிகுவோவுக்கு அரிதாரம் பூசிவிடுகிறான். மூன்று மணி நேரப் படம், அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றது.

இதை எடுத்த லீ சாங்-இல் ஜப்பானில் நீகாதாவில் பிறந்த கொரியர். காலனிக் காலத்தில் போய்த் தங்கிவிட்ட குடும்பங்களின் வழி வந்தவர்களை ‘சைனிச்சி’ என்பார்கள். அவர் படித்தது கொரியப் பள்ளியில். ரத்தம் பெரிதா திறமை பெரிதா என்ற கேள்வியை, ஜப்பானின் மிக ஜப்பானியமான கலையை வைத்து, அவர் கேட்கிறார். படம் ஜப்பானில் 1,700 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, உயிருள்ள நடிகர்கள் நடித்த ஜப்பானியப் படங்களில் 22 வருடமாக இருந்த சாதனையை உடைத்தது. அந்தச் சாதனைக்கு முன்பே, 2025 செப்டம்பரில், பூசானுக்கு வந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், இது கொரியப் படமா, ஜப்பானியப் படமா?

#17 சப்டைட்டில்

ஜப்பானியப் படம். காசு ஜப்பான் காசு, மொழி ஜப்பான் மொழி, கலை ஜப்பான் கலை. இயக்குநரின் ரத்தத்தைப் பார்த்து நாடு பிரித்தால், படம் எதைக் கேலி செய்கிறதோ அதையே நாம் செய்கிறோம்.

#18 பின்வரிசை

...நல்ல அடி. வாங்கிக்கொண்டேன்.

#19 உல்சான்காரன்

அங்கே பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. முடிந்ததும் பக்கத்தில் இருந்த பாட்டி என்னிடம் கொரியத்தில், ‘இயக்குநர் நம் ஆள்’ என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘அதாவது, எங்கள் ஆள்’ என்று திருத்திக்கொண்டார்.

#20 அரைத்தூக்கம்

நண்பர்களே, ஒரு தகவல். ‘டிரைவ் மை கார்’ முடித்துவிட்டேன். மூன்று ராத்திரி, மூன்று தவணை. இரண்டாம் தவணையிலிருந்து தூங்கவில்லை. அந்த வாய் பேசாத பெண் கொரியச் சைகை மொழியில் செகாவின் ‘வான்யா மாமா’ நாடகத்தின் கடைசி வசனத்தைச் சொல்லும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே சந்தேகம். கடைசியில் அந்த டிரைவர் பெண் ஏதோ சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குகிறாளே, பெயர்ப்பலகை எல்லாம் கொரியத்தில் இருக்கிறதே? அவள் எப்படி அங்கே போனாள்? எதையாவது தூங்கி விட்டுவிட்டேனா?

#21 கனகாம்பரம்

எதையும் விடவில்லை. படம் காரணம் சொல்வதே இல்லை. அதே சிவப்பு சாப் கார், பின்சீட்டில் ஒரு நாய். ஒரு கொரியத் தம்பதி வீட்டில் சாப்பிடப் போவார்களே, அங்கே ஒரு நாய் இருந்தது நினைவிருக்கிறதா?

#22 பின்வரிசை

அரைத்தூக்கம், ஒரு தகவல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹமகுச்சி அந்தப் படத்தின் பெரும்பகுதியை எடுக்கத் திட்டமிட்டிருந்த ஊர் பூசான். கொரோனாவில் எல்லை மூடியதால் ஹிரோஷிமாவுக்கு மாற்றினார். 2021 அக்டோபரில் படத்தோடு பூசான் விழாவுக்கு வந்து, போங் ஜூன்-ஹோவோடு மேடையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். கார் ஓடும்போது இரண்டு பேர் பேசுவதை எப்படி எடுத்தாய் என்று போங் விடாமல் கேட்டார்.

#23 அரைத்தூக்கம்

அப்படியானால் கார் போக வேண்டிய ஊருக்குக் கடைசியில் போய்விட்டது. முதல் நாற்பது நிமிடம் மறுபடி பார்க்கிறேன். காபி போட்டுக்கொண்டு.